சபை நாற்காலியின் பாய்

7

நான் இதுவரை துப்பறிந்து கண்டுபிடித்தவற்றில் பெரும்பாலானவை பன்றிகள். அவையும் நான் போய்ச் சேரும்போது யார் வீட்டு மண்ணடுப்பிலாவது வெந்துகொண்டிருக்கும். அதனால் பழைய சபை மாளிகையிலிருந்து தொலைபேசி வந்ததும், "பன்றி உள்ளே புகுந்துவிட்டதா?" என்றுதான் கேட்டேன். மாளிகைப் பொறுப்பாளர் திரு. ஃபொனுவா சிரிக்கவில்லை; குரலைத் தாழ்த்தினார்.

"உடனே வாங்க. போலீசுக்குத் தெரியக் கூடாது" என்றார்.

உடனே போனேன். அவசரத்தில், மரியாதைக்காக உடைமேல் சுற்றிக் கட்டும் இடுப்புப் பாயைக் கட்டாமல் போய்விட்டேன். எங்கள் டோங்காத் தீவுகளில் அரசு வாசலுக்கு வெறும் இடுப்போடு போகிற பெண்ணைப் பற்றி என்ன பேசுவார்கள் என்று எனக்கு நன்றாகத் தெரியும். அப்படிப் போன பெண்களைப் பற்றி நானே பேசியிருக்கிறேன்.

காவலாளி மாஃபி கையை நீட்டி மறித்தார்.

"அம்மணி, இடுப்பு காலியா இருக்கே."

"அவசரம், மாஃபி."

"அவசரத்துல பாவாடையை மறந்துட்டு வந்தாலும் விட்டுருவேனா?"

கதவுக்குப் பின்னால் வரிசையாக ஆணிகள். மறதிக்காரர்களுக்கென்று அவற்றில் சில பாய்கள் எப்போதும் தொங்கும். மாஃபி திரும்பிக்கூடப் பார்க்காமல் கைக்கு அகப்பட்ட ஒன்றை எடுத்து, கட்டிக்கொள்ளத் தேங்காய் நார்க்கயிறும் தந்தார். பழைய பாய். ஓரமெல்லாம் நைந்து, எலி பாதி தின்றுவிட்டு மீதியை வேண்டாம் என்று வைத்தது போலிருந்தது. புகையும் எண்ணெயும் கலந்த வாடை. நல்ல குடும்பங்களில் பழைய பாய்க்குத்தான் மதிப்பு என்பது வாஸ்தவம். ஆனால் அது பெட்டிக்குள் இருக்கும் பழமை. ஆணியில் தொங்கும் பழமைக்குக் கந்தல் என்று பெயர். கட்டிய உடனே அரிக்க ஆரம்பித்தது.

"பொருத்தமா இருக்கு தலைவி" என்றான் ஃபெலெட்டி. "ரெண்டும் ஒரே காலத்துச் சரக்கு."

ஃபெலெட்டி என் உதவியாளன். வடக்கே வவாஉ தீவுக்காரன். எங்கள் வழக்கத்தில் அண்ணன் தங்கை, அக்கா தம்பி ஒரே அறையில் உட்கார்ந்து அரட்டை அடிப்பதில்லை. ஒருவர் உள்ளே வந்தால் மற்றவர் எழுந்து போய்விடுவார். பெரியப்பா பிள்ளை, சித்தி பிள்ளை, மாமன் பிள்ளை எல்லாரும் இதில் அடக்கம். ஆகவே எனக்கு உறவே இல்லாத ஓர் உதவியாளனைத் தலைநகரில் தேடிப் பிடித்ததுதான் என் தொழில் வாழ்க்கையின் ஒரே உண்மையான சாதனை. அவனும் என்னை அக்கா என்று கூப்பிட மாட்டான். கூப்பிட்டால் அதன் பிறகு என்னைக் கிண்டல் செய்ய முடியாது. சம்பளத்தை விட்டாலும் அதை விட மாட்டான்.

மாடியில் ஃபொனுவா காத்திருந்தார். நீண்ட மர அறை. நடுவில் சபாநாயகர் நாற்காலி, அதைச் சுற்றிச் சிவப்புக் கயிறு. நாற்காலியின் மேல் ஒரு வெல்வெட் துணி மட்டும் சுருண்டு கிடந்தது.

"போச்சு" என்றார். "இந்த நாற்காலியில முதல்முதல்ல உட்கார்ந்தவர் கட்டியிருந்த பாய். நேத்து பள்ளிக்கூடத்துப் பிள்ளைங்க சுத்திப் பாக்க வந்தாங்க. அவங்க போன பிறகு இல்லை."

"எப்படி இருக்கும்?"

அவர் கண்களை மூடிக்கொண்டார். "எப்படின்னு சொல்ல? பக்கத்துல வந்தாலே உடம்பு சிலிர்க்கும். கண்ணைக் கட்டி விட்டாலும் ஆயிரம் பாய்க்கு நடுவுல அதை நான் கண்டுபிடிச்சிருவேன்."

"கடைசியா எப்ப தொட்டீங்க?"

"தொடறதாவது! எப்பவும் துணி மூடியிருக்கும். விழா அன்னைக்கு மட்டும் துணியை விலக்குவாங்க. நாங்க எல்லாம் கயிறுக்கு இந்தப் பக்கம் நின்னு தலை குனிவோம்."

"தலை குனிஞ்சா தரைதானே சார் தெரியும்?" என்றான் ஃபெலெட்டி.

ஃபொனுவா அதைக் கேட்காதவர் போல என் பக்கம் திரும்பினார். பார்வை என் இடுப்பில் நின்றது. முகம் சுளித்தது.

"இது என்ன கோலம், லெசியேலி? மாஃபி வாசல்ல வச்சிருக்கிற கந்தலா? எங்க வீட்டுப் பன்னி இதுல படுக்காது. எரிக்கச் சொல்லி எத்தனை தடவை சொல்லியிருக்கேன்!"

நான் வெட்கத்தோடு நைந்த ஓரத்தை உள்ளே மடித்துவிட்டுக்கொண்டேன். ஒரு துண்டு பிய்ந்து கையோடு வந்தது. சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டேன்.

"யார் எடுத்ததுன்னு தெரியும்" என்றார் அவர். "கலாஃபின்னு ஒரு பையன். கயிறைத் தாண்டிப் போயிருக்கான். மாஃபி பாத்திருக்கார். அவனே ஒத்துக்கறான். எங்க வச்சேன்னு கேட்டா மட்டும் தெரியாதுங்கறான். சாயங்காலம் நான் கதவைச் சாத்தறதுக்குள்ள பாய் வரணும். இல்லைன்னா போலீஸ். அடுத்த வாரம் உதவித்தொகையில வெளிநாட்டுக்கு, சுவா பல்கலைக்கழகத்துக்குப் படிக்கப் போறானாம். போலீஸ் கேஸ் ஆச்சுன்னா அந்த விமானத்துல வேற பிள்ளை ஏறும்."

பின்பக்கப் படிக்கட்டில் உட்கார்ந்து மாஃபியோடு சாப்பிட்டோம். அவர் மனைவி கொடுத்தனுப்பிய லூ. கிழங்கு இலைக்குள் டின் இறைச்சியும் தேங்காய்ப்பாலும் வைத்துச் சுட்டது. இலையைப் பிரிக்கும்போது குழம்பு என் மடியில் ஒழுகியது.

"பரவால்ல, கந்தல்தானே" என்று கையையும் அதிலேயே துடைத்தேன்.

"பையன் என்ன பண்ணினான், சரியா சொல்லுங்க" என்றேன்.

"வாத்தியாரம்மா பிள்ளைங்களை ரெண்டாப் பிரிச்சாங்க. பசங்க ஒரு கூட்டம், பொண்ணுங்க ஒரு கூட்டம். அண்ணன் தங்கச்சிங்க நிறைய இருப்பாங்க இல்ல? பசங்க மாடியில பாத்து முடிச்சாங்க. பொண்ணுங்க மேல ஏறி வந்தாங்க. நான் பசங்களைக் கீழ இறக்கிக்கிட்டிருந்தேன். திரும்பிப் பாத்தா இவன் கயிறுக்கு உள்ள நிக்கறான். கையில ஏதோ பாய். டேய்னு ஒரு சத்தம் போட்டேன். நான் மேல வர்றதுக்குள்ள கீழ ஓடிட்டான். அப்ப கை வெறுங்கை."

"நாற்காலியைப் பாக்கலையா?"

"துணி மூடியிருந்துச்சு. பொண்ணுங்க கீழ இறங்கின பிறகுதான் துணியைத் தூக்கிப் பாத்தேன்." மாஃபி முகத்தைத் துடைத்தார். "எல்லார் பையையும் பாத்தாச்சு அம்மணி. பசங்க இடுப்புல இருந்ததெல்லாம் பள்ளிக்கூடத்துப் புதுப் பாய். பொண்ணுங்க இடுப்புல பாயே இல்லை, பட்டை பட்டையாத் தொங்குற கச்சைதான்."

"ஒரு பாயை ஒளிக்கணும்னா எங்க ஒளிப்பீங்க மாஃபி?" என்று கேட்டான் ஃபெலெட்டி.

"எங்க?"

"பாய்ங்களோட பாயா."

"போடா, வவாஉக்காரா" என்றார் மாஃபி. நானும் சிரித்தேன். அந்தச் சிரிப்பை இப்போது நினைத்தால் காது சுடுகிறது.

கலாஃபி முன் வராந்தாவில் ஒரு பெஞ்சின் நுனியில் உட்கார்ந்திருந்தான். பதினேழு வயதிருக்கும். உயரமான பையன். கால்களை எங்கே வைப்பது என்று தெரியாமல் பெஞ்சுக்கு அடியில் மடக்கி வைத்திருந்தான். இடுப்பில் பள்ளிக்கூடப் பாய் சுத்தமாக இருந்தது.

"பாயை எடுத்தியா?"

"எடுத்தேன்மா."

"எங்க இருக்கு?"

"தெரியாதும்மா."

"ரெண்டும் எப்படிப்பா உண்மையா இருக்க முடியும்?"

"ரெண்டும் உண்மைதாம்மா."

எனக்கு ஒரு பலவீனம் உண்டு. நேராகப் பதில் சொல்கிறவர்களை நம்பிவிடுவேன். பன்றி வழக்குகளில் இதனால் நிறைய ஏமாந்திருக்கிறேன். ஆனாலும் இந்தப் பையனை நம்பினேன்.

"சரி. நீ பாயை எடுத்தப்ப அறையில யாரெல்லாம் இருந்தாங்க?"

அவன் முகம் மாறியது. காதுகள் சிவந்தன. எழுந்து நின்றுவிட்டான்.

"அதைக் கேக்காதீங்கம்மா. நான்தான் எடுத்தேன்னு எழுதிக்குங்க. கையெழுத்துப் போடறேன். அதை மட்டும் கேக்காதீங்க."

"சுவா போயிரும்டா" என்றான் ஃபெலெட்டி மெதுவாக.

"போகட்டும் அண்ணே."

அவன் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டான். அந்த முதுகை எனக்குத் தெரியும். என் அண்ணனுக்கு அதே முதுகு. சின்ன வயதில் நான் உள்ளே நுழைந்தால் அவன் வானொலியை அப்படியே பாட விட்டுவிட்டு எழுந்து போவான். வெகுநாள் வரை அவனுக்கு என்னைப் பிடிக்காது என்றே நினைத்துக்கொண்டிருந்தேன். ஒரு மழை நாளில் தின்பண்டப் பொட்டலத்தில் பாதியை என் பாய்மேல் வைத்துவிட்டு, ஒரு வார்த்தை சொல்லாமல், மழைக்குள் இறங்கிப் போனான். அன்றைக்குத்தான் புரிந்தது. எங்களிடம் ஓர் அண்ணன் திரும்பி நின்றால், அந்தத் திசையில் தங்கை இல்லை. அவன் முதுகுப் பக்கம் இருப்பாள்.

ஃபெலெட்டியைக் கிளை விரித்திருந்த ஈரப்பலா மரத்தடிக்கு இழுத்துப் போனேன்.

"அவன் அதைத் தனக்காக எடுக்கலை. யாருக்கோ குடுத்திருக்கான்" என்றேன்.

"குடுக்கணும்னா இடுப்புலதான் ஒண்ணு கட்டியிருக்கானே. அதை அவுத்துக் குடுத்திருக்கலாம். கயிறைத் தாண்டி, சபாநாயகர் பாய்மேல கையை வச்சு, எதுக்கு இவ்வளவு பெரிய வம்பு?"

"அவன் உடுத்தினதை உடுத்திக்க முடியாத ஒருத்திக்கு."

ஃபெலெட்டி கெகே தின்றுகொண்டிருந்தான்; எண்ணெயில் பொரித்த அந்த மாவுருண்டையைக் கடித்தபடி அவன் வாய் நின்றது. அண்ணன் உடம்பில் பட்ட துணியைத் தங்கை தொடுவதில்லை. அதை எந்தக் குழந்தைக்கும் சொல்லித்தர வேண்டியதில்லை.

"தங்கச்சி" என்றான்.

"பொண்ணுங்க கூட்டத்துல உள்ள வந்திருக்கா. ஏதோ ஆயிருக்கு. அவசரமா ஒரு பாய் வேணும். என்ன ஆச்சுன்னு அவனால வாய் திறந்து சொல்ல முடியாது. அவளைக் கேக்கவும் முடியாது. அதனாலதான் பாய் எங்க போச்சுன்னு அவனுக்குத் தெரியலை."

ஃபெலெட்டி கெகேயை மென்று விழுங்கினான். பிறகு தரையைப் பார்த்துக்கொண்டு, "எனக்கும் மூணு தங்கச்சிங்க. நான் இங்கயே மரத்தைப் பாத்துக்கிட்டிருக்கேன். நீங்க மட்டும் போயிட்டு வாங்க தலைவி" என்றான்.

பள்ளிக்கூட விடுதி அடுத்த தெருவில்தான். வாசலில் மாஃபி எனக்கு வணக்கம் சொன்னார். நானும் சொன்னேன். தெருவில் இரண்டு பெண்கள் என் இடுப்பைப் பார்த்துத் தங்களுக்குள் ஏதோ பேசிக்கொண்டார்கள். பேசட்டும் என்று நடந்தேன்.

தங்கையின் பெயர் சிலியா. விடுதிக் கட்டிலில் போர்வையை மூக்கு வரை இழுத்துக்கொண்டு படுத்திருந்தாள். வயிற்றுவலி என்று இன்று வகுப்புக்குப் போகவில்லையாம். இடைவேளைக்கு வந்திருந்த மற்ற பெண்களை வெளியே அனுப்பிவிட்டுக் கட்டில் விளிம்பில் உட்கார்ந்தேன்.

"நேத்து மாடியில உனக்கு வந்திருச்சு. இல்லியா?"

அவள் போர்வைக்குள் தலையை ஆட்டினாள். "எனக்கே தெரியலைம்மா. பாவாடை பின்பக்கம் எல்லாம். கச்சை மறைக்கலை. எல்லாரும் எனக்குப் பின்னாடி ஏறி வந்துக்கிட்டிருந்தாங்க."

"உங்க அண்ணன்?"

"கடைசியா வெளிய போய்க்கிட்டிருந்தான். என்னைப் பாக்கவே இல்லை. முகத்தைச் சுவர்ப் பக்கம் வச்சுக்கிட்டே வந்து, என் தோழி கையில ஒரு பாயைத் தூக்கிப் போட்டுட்டு ஓடிட்டான். அவ என்னைச் சுத்திக் கட்டிவிட்டா. பின்பக்கப் படியால கீழ இறங்கி, கழுவிட்டு, ஸ்வெட்டரைக் கட்டிக்கிட்டேன்." அவள் குரல் உடைந்தது. "அவன் பாத்துட்டான்மா. இனி நான் எப்படி வீட்டுக்குப் போவேன்?"

"அவன் எதையும் பாக்கலை. சுவரைத்தான் பாத்தான். நீயே சொன்னியே." அவள் மூக்கை உறிஞ்சினாள். "அந்தப் பாய் இப்ப எங்க?" என்றேன்.

"வாசல் கதவுக்குப் பின்னாடி ஆணியில மாட்டிட்டேன். மறந்து வர்றவங்களுக்குக் குடுக்கிற பாய்தானே அது? அண்ணன் அங்கிருந்துதான் கொண்டு வந்தான்னு நினைச்சேன்." அவள் போர்வையை மெல்ல இறக்கி என்னைக் குழப்பத்தோடு பார்த்தாள். "நீங்க கட்டியிருக்கீங்களே, அதுதாம்மா."

நான் குனிந்து பார்த்தேன்.

என் தொழிலில் எல்லாரும் கனவு காணும் கணம் இது. தேடிய பொருள் கண்ணெதிரே. ஆனால் கனவில் அதன் மேல் தேங்காய்ப்பால் குழம்பு இருக்காது. அதன் ஓரத்தில் ஒரு துண்டு என் சட்டைப் பையில் இருக்காது. அந்த மாளிகையிலிருந்து அந்தப் பாயை உண்மையில் வெளியே கடத்திக்கொண்டு வந்த முதல் ஆள் நானாகவும் இருக்க மாட்டேன். காவலாளி வணக்கம் வேறு சொன்னாரே.

மெதுவாக எழுந்தேன். உட்கார்ந்தபடியே நசுக்கிவிட்டேனோ என்று பயம். உள்பக்கம் புரட்டிப் பார்த்தேன். உள்ளங்கை அகலத்தில் ஒரு பழுப்புக் கறை. சிலியாவும் அதைப் பார்த்தாள். போர்வை மறுபடி மூக்குக்கு ஏறியது.

"அது என் லூ" என்றேன்.

"இல்லைம்மா, அது..."

"மத்தியானம் சாப்பிடும்போது கொட்டிட்டேன். சாட்சி இருக்கு. முகத்தைக் கழுவிட்டு வகுப்புக்குப் போ."

திரும்பி வந்தபோது வெயில் சாய்ந்திருந்தது. ஃபொனுவா கையில் சாவிக்கொத்தோடும் மாஃபியோடும் வராந்தாவில் நின்றார். கலாஃபி அதே பெஞ்சின் நுனியில் இருந்தான்.

"பாய் எங்க?" என்றார் ஃபொனுவா.

"உங்களுக்கு முன்னாலதான் சார் இருக்கு."

அவர் வராந்தா முழுவதும் பார்த்தார். தோட்டத்தைப் பார்த்தார். ஃபெலெட்டிதான் முதலில் என் இடுப்பைப் பார்த்தான். வாயைப் பொத்திக்கொண்டு தூணுக்குப் பின்னால் போய்விட்டான். தூண் குலுங்கியது.

நான் கயிற்றை அவிழ்த்து, பாயை இரண்டு கையிலும் ஏந்தி நீட்டினேன். ஃபொனுவா ஓர் அடி பின்வாங்கினார். மாஃபி கதவைப் பிடித்துக்கொண்டார்.

"இது... இது வாசல்ல..."

"காலையில மாஃபி எனக்குக் கட்டக் குடுத்தார். நீங்க பாத்தீங்க. உங்க வீட்டுப் பன்னி இதுல படுக்காதுன்னு சொன்னீங்க."

எங்கோ ஒரு சேவல் கூவியது. அதற்கு நேரம் காலம் கிடையாது.

"அது எப்படி ஆணிக்குப் போச்சு?" என்றார் அவர் கடைசியில், மிகவும் சின்னக் குரலில்.

கலாஃபி நிமிர்ந்தான். என்னைப் பார்க்கவில்லை. நான் அவனுக்காக ஒரு பொய்யைத் தேடினேன். வழியில் யோசித்து வைத்திருந்த பொய்கள் எல்லாம் அவனை முட்டாளாக்கின. பிறகு பளிச்சென்று தோன்றியது. அங்கே முட்டாளாக்க ஏற்கெனவே ஓர் ஆள் தயாராக இருந்தாள்.

"அதை விசாரிக்கலாம் சார். விசாரிச்சா எல்லாத்தையும் விசாரிக்கணும். துணிக்கு அடியில என்ன இருக்குன்னு இந்த மாளிகையில யாருக்குமே ஏன் தெரியலை, பொறுப்பாளர் பக்கத்துல வந்தும் ஏன் உடம்பு சிலிர்க்கலை, எல்லாம் எழுதணும். இல்லைன்னா ஊருக்கு ஒண்ணு சொல்லிடலாம். இடுப்புல பாய் இல்லாம வந்த அந்தப் பன்னி துப்பறியற பொம்பளை, கண்ணு தெரியாம சபாநாயகர் பாயை எடுத்துக் கட்டிக்கிட்டுத் தெருவெல்லாம் சுத்திட்டு வந்து, குழம்பையும் கொட்டிட்டா. பையன் மேல ஒண்ணும் இல்லை."

"ரெண்டு பக்கமும் கறை" என்றார் மாஃபி, பாயைப் புரட்டிப் பார்த்து.

"ரெண்டும் என்னுதுதான். நான் சாப்பிடற லட்சணம் உங்களுக்குத் தெரியுமே."

மாஃபி என்னைப் பார்த்தார். பிறகு பையனைப் பார்த்தார். அவருக்கும் வீட்டில் பெண்கள் இருக்க வேண்டும். "ஆமா சார்" என்றார். "இந்தம்மா சாப்பிட்டா பக்கத்துல நிக்க முடியாது."

ஃபொனுவா மண்டியிட்டு, தலை குனிந்து, பாயை வாங்கிக்கொண்டார். இந்த முறை கண்களை மூடவில்லை. சட்டைப் பையிலிருந்த துண்டையும் எடுத்து அதன் மேல் வைத்தேன். அவர் அதைப் பற்றி எதுவும் கேட்கவில்லை.

கலாஃபி எங்களோடு வாசல் வரை வந்தான். ஃபெலெட்டியின் அருகில் போய், மரத்தைப் பார்த்துக்கொண்டு கேட்டான்.

"அண்ணே, இவங்க விடுதிப் பக்கம் போயிட்டு வந்தாங்களா? அங்க எல்லாரும் நல்லாயிருக்காங்களா?"

ஃபெலெட்டி என்னைப் பார்த்தான். நான் தலையசைத்தேன்.

"எல்லாரும் நல்லாயிருக்காங்கடா" என்றான். "வகுப்புக்குப் போயிட்டாங்க."

பையன் தலையாட்டினான். பிறகு நீண்ட கால்களை வீசி, விடுதிக்கு எதிர்த் திசையில் நடந்தான்.

அடுத்த வாரம் புதன்கிழமை ஜெபக் கூட்டத்துக்குப் போனபோது தேவாலய வாசலில் என்னைப் பார்த்த பெண்கள் தங்கள் இடுப்புப் பாய்களை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார்கள். போதகரின் மனைவிகூட. ஃபெலெட்டி எனக்குப் பின்னால் வந்து காதோரம் சொன்னான்:

"தலைவி, சுவா விமானம் இப்பத்தான் மேல போச்சு. நீங்க தலையைக் குனிஞ்சுக்கிட்டிருந்தீங்க, பாக்கலை."

"சத்தம் கேட்டுச்சு" என்றேன்.